ஆய்விதழ்கள் யாருக்குத் திறந்தன?

இணையம் வந்தபின் ஆய்வுலகின் கதவுகள் எல்லாருக்கும் திறந்துவிட்டன என்கிறார்கள். துணைவேந்தர்கள் பட்டமளிப்பு விழாவில் சொல்கிறார்கள், கருத்தரங்கத் தொடக்கவுரைகளில் சொல்கிறார்கள், கல்லூரித் தர மதிப்பீட்டு அறிக்கைகளில் எழுதி வைக்கிறார்கள். ஆய்வு செய்ய முடியவில்லை என்று ஒரு மாணவி சொன்னால், "கையில் போன் இருக்கிறதே, இன்னும் என்ன குறை?" என்று நெறியாளரே கேட்கிறார். இந்தக் கருத்து தவறு. தவறாக இருப்பதோடு, பொதுப் பணத்தைத் தவறான இடத்தில் கொட்டவும் வைக்கிறது.

மறுப்பதற்கு முன் அவர்கள் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். 1665இல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' இதழைத் தொடங்கியதிலிருந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆய்வுச் செய்தி காகிதத்தின் வேகத்தில்தான் நகர்ந்தது. அச்சிட வேண்டும், கட்ட வேண்டும், கப்பலில் ஏற்ற வேண்டும். 1991இல் லாஸ் அலமோஸில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் கட்டுரைகளை அச்சுக்கு முன்பே பகிர ஒரு கணினிக் களஞ்சியம் அமைத்தார். ஆர்க்கைவ் என்று இன்று உலகம் அறிந்த அந்த இடத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. யாரும் படிக்கலாம், காசு இல்லை. 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகள் யாவும் இணையத்தில் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் திறந்த அணுக்கம் என்ற பெயரில் முன்வைத்தது. நம் நாட்டில் சோத்கங்கா முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திறந்து வைத்திருக்கிறது. 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. ராமநாதபுரத்து அரசுக் கல்லூரி மாணவரும் ஐஐடி மாணவரும் ஒரே இதழை ஒரே நாளில் படிக்கலாம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இவை எல்லாம் உண்மை. நான் மறுப்பது இவற்றிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவை. தகவல் போகும் வழி மாறியிருக்கிறது. அந்த வழி யார் கையில் இருக்கிறது என்பது மாறவில்லை, சொல்லப்போனால் முன்பைவிட இறுகியிருக்கிறது.

1. கிடைப்பதும் நம்முடையதாக இருப்பதும் ஒன்றா?

நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றின் நூலகத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் இரும்பு அலமாரி உண்டு. சிவப்புக் காலிகோ அட்டை போட்டுக் கட்டிய வரலாற்று, மொழியியல் இதழ்கள் ஆண்டுவாரியாக அதில் அடுக்கியிருக்கும். பணமில்லை என்று ஒரு கட்டத்தில் சந்தாவை நிறுத்தினார்கள். புதிய இதழ் வரவில்லை, ஆனால் பழையவை எங்கும் போகவில்லை. கடைசித் தொகுதி வரை இன்றும் அங்கே இருக்கும். சில ஆண்டுகள் கழித்து மின்னிதழ்த் தொகுப்பு ஒன்றுக்குச் சந்தா கட்டினார்கள். மூன்றாம் ஆண்டு அதையும் புதுப்பிக்கவில்லை. மறுவாரம் திரையில் உள்நுழைவுப் பக்கம் மட்டும் நின்றது. பணம் கட்டிய மூன்று ஆண்டுகளின் இதழ்களும் சேர்ந்தே போயின. ஒரு மாணவர் ஆய்வேட்டின் நான்காம் இயலை எழுதிக்கொண்டிருந்தார். மேற்கோள் காட்டிய கட்டுரையின் பக்க எண்ணைச் சரிபார்க்க அவரால் முடியவில்லை.

காகித இதழ் விலைக்கு வாங்கிய பொருள். மின்னிதழ் வாடகைக்கு வந்தது. கொடுத்த பணத்துக்கு நிலையான உரிமை தரும் ஒப்பந்தங்களும் உண்டு, ஆனால் பேரம் பேசத் தெரிந்த பெரிய நூலகங்கள்தான் அவற்றைப் பெறுகின்றன. சிறு கல்லூரிக்கு நீட்டப்படுவது அச்சடித்த ஒப்பந்தம், கையெழுத்திட வேண்டிய இடத்தில் புள்ளிக் கோடு.

உரிமை என்பது சட்டநுணுக்கம் அல்ல என்பதை தில்லிப் பல்கலைக்கழக வழக்கு காட்டியது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் சேர்ந்து வளாகத்திலிருந்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடைமீது வழக்குப் போட்டன. மாணவர்களுக்குப் பாடத்தொகுப்பு நகலெடுத்துக் கொடுத்தது குற்றமாம். 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் பதிப்பகங்களின் வாதத்தை ஏற்கவில்லை. கற்பிப்பதற்காக நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது என்றது. மறு ஆண்டு அவை வழக்கிலிருந்து விலகின. அந்த வழக்கு நடந்ததே புத்தகம் நூலகத்தின் சொந்தப் பொருளாக இருந்ததால்தான். மின்னிதழில் நாம் தொடங்குவதே உரிம ஒப்பந்தத்தில்தான். எத்தனை பக்கம் இறக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம், வெளி வாசகரை உள்ளே விடலாமா என்பதை அதுவே எழுதுகிறது.

அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கணினி நிரலாளர் ஆரன் சுவார்ட்ஸின் வாழ்க்கை இருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வலையமைப்பு வழியாக ஜேஸ்டோர் களஞ்சியத்திலிருந்து லட்சக்கணக்கான கட்டுரைகளை இறக்கினார். ஒவ்வொன்றாக அவர் படித்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மொத்தமாக எடுத்ததற்கு அமெரிக்க அரசு பல பத்தாண்டுச் சிறைக்கு வழிசெய்யும் குற்றச்சாட்டுகளை அடுக்கியது. ஜேஸ்டோரே அவர்மீது மேல்நடவடிக்கை வேண்டாம் என்று ஒதுங்கிய பிறகும் அரசு விடவில்லை. 2013 ஜனவரியில் தன் 26ஆம் வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இணையம் அறிவைத் திறந்துவிட்டது என்று மேடையில் பேசும் ஒவ்வொருவரும் அந்த இளைஞனை ஒரு நிமிடம் நினைத்துவிட்டுப் பேச வேண்டும்.

2. செலவு விழுந்ததே, விலை ஏன் விழவில்லை?

அச்சு வேண்டாம், காகிதம் வேண்டாம், தபால் வேண்டாம் என்றானபின் ஆய்விதழின் விலை சரிந்திருக்க வேண்டும். எல்லாரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். 1995இல் 'ஃபோர்ப்ஸ்' இதழ், இணையத்துக்கு முதல் பலி எல்சிவியர் பதிப்பகமாக இருக்கலாம் என்று எழுதியது. நடந்ததைப் பாருங்கள். எல்சிவியரை உள்ளடக்கிய ரெலக்ஸ் நிறுவனத்தின் அறிவியல், மருத்துவப் பிரிவு 2023இல் 300 கோடி பவுண்டுக்கு மேல் வருவாய் ஈட்டியது. அதில் செயல்பாட்டு லாபம் 38 விழுக்காடு.

காரணம் எளிது. ஆய்விதழ்ச் சந்தையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்பதே கிடையாது. அரிசி விலை ஏறினால் வேறு கடைக்குப் போகலாம். குறிப்பிட்ட ஒரு கட்டுரை ஒரே இடத்தில்தான் இருக்கும். எழுதுபவருக்குப் பதிப்பகம் ஊதியம் தருவதில்லை, மதிப்பாய்வு செய்பவருக்கும் தருவதில்லை. இருவருக்கும் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகமே தன் ஊழியர் எழுதியதை விலை கொடுத்து வாங்குகிறது. மூலப்பொருள் இலவசம், தரப் பரிசோதனை இலவசம், வாங்குபவருக்கு வேறு வழியில்லை. பெர்கமான் பதிப்பகத்தை நடத்திய ராபர்ட் மாக்ஸ்வெல் போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலேயே இதைக் கண்டுகொண்டார். 1991இல் அதை எல்சிவியருக்கு விற்றார்.

மின்வடிவம் இந்த ஏற்பாட்டைக் குலைக்கவில்லை, அதற்கு இன்னொரு கருவியைக் கொடுத்தது. காகிதக் காலத்தில் நூலகர் ஒவ்வோர் இதழாகத் தேர்ந்தெடுத்தார், வேண்டாததை நிறுத்தினார். மின்வடிவத்தில் ஆயிரக்கணக்கான இதழ்களை ஒரே பொதியாகக் கட்டி விற்பது பதிப்பகத்துக்குச் செலவே இல்லாத காரியம் ஆனது. வேண்டிய இருபது இதழுக்காக வேண்டாத இரண்டாயிரத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். சிறு சங்கங்களின் இதழ்கள் ஒவ்வொன்றாகப் பெரிய பதிப்பகங்களின் குடைக்குள் போயின. மாண்ட்ரியால் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, இயற்கை அறிவியல், மருத்துவத் துறைகளில் முதல் ஐந்து பதிப்பகங்கள் 1973இல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கட்டுரைகளை வெளியிட்டன. 2013இல் அது பாதிக்கு மேல். அந்த நாற்பது ஆண்டின் பிற்பாதி இணையத்தின் காலம்.

3. "சை-ஹப் இருக்கிறதே!"

இதை மேடையில் யாரும் சொல்வதில்லை, தேநீர் இடைவேளையில் எல்லாரும் சொல்கிறார்கள். கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011இல் தொடங்கிய, பூட்டிய கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் அந்தத் தளத்தை நம் நாட்டு ஆய்வாளர்கள் நாள்தோறும் நம்பியிருந்தார்கள். ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்கும் உலகில் அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் இது என் வாதத்துக்குத்தான் சாட்சி. கதவு திறந்திருந்தால் சுவர் ஏறிக் குதிப்பவர்கள் எதற்கு? 2020 டிசம்பரில் எல்சிவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் தில்லி உயர்நீதிமன்றத்தில் அத்தளத்தின்மீது வழக்குத் தொடுத்தன. ஒரு நாட்டின் ஆய்வு அன்றாடம் நடப்பதற்கு, எந்த நாளும் முடக்கப்படக்கூடிய தளம் ஒன்று தேவைப்பட்டது என்றால், அந்த நாட்டுக்கு ஆய்வுலகம் திறந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

4. திறந்த அணுக்கம் யாரிடம் பணம் கேட்கிறது?

இங்கேதான் எதிர்த்தரப்பின் வலுவான கோட்டை இருக்கிறது. சந்தாவில் சிக்கல் உண்டு, ஒப்புக்கொள்கிறோம், ஆனால் அதற்கு மருந்துதான் திறந்த அணுக்கம் என்பார்கள். வாசகர் பணம் தர வேண்டாம், கட்டுரை எல்லாருக்கும் இலவசம்.

புடாபெஸ்டில் கூடியவர்கள் கேட்டது அதைத்தான். சந்தை திருப்பிக் கொடுத்தது வேறொன்றை. சுங்கச்சாவடியை ஊர் முகப்பிலிருந்து எடுத்து வயல் வரப்பில் வைத்தார்கள். இப்போது பணம் கட்டுவது எழுதுபவர். 'நேச்சர்' இதழ் திறந்த அணுக்கத்துக்கு 2021இல் வைத்த கட்டணம் 9,500 யூரோ, எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். யுஜிசி இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதாவது ஓர் ஆய்வு மாணவரின் ஏறக்குறைய இரண்டாண்டு வாழ்க்கை ஒரு கட்டுரைக்கு. அங்கே சந்தா வழியில் கட்டணமின்றி வெளியிட இடம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அப்படி வந்தால் கட்டுரை மறுபடி பூட்டுக்குள். ஏழை நாடுகளுக்குக் கட்டண விலக்கு உண்டு என்பார்கள். முழு விலக்குப் பட்டியல்களில் இந்தியா பொதுவாக இல்லை. படிக்க முடியாமல் இருந்த ஆய்வாளர் இப்போது எழுத முடியாமல் இருக்கிறார். அறிவின் உலகத்தில் இரண்டாவது இழப்பே பெரிது. படிக்காதவன் பின்தங்குவான், எழுத முடியாதவன் இல்லாமலே போவான்.

கட்டணம் இன்னொன்றையும் மாற்றியது. சந்தா முறையில் மோசமான கட்டுரையை மறுத்தால் இதழுக்கு நட்டமில்லை. கட்டண முறையில் மறுக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் இழந்த வருவாய். இதன் விளைவை ஊகிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கிறது. ஹிந்தாவி என்ற திறந்த அணுக்கப் பதிப்பகத்தை வைலி 2021இல் 29.8 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2023இல் மட்டும் அதன் இதழ்களில் வெளிவந்த 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. காசுக்குக் கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் கூடங்கள் சிறப்பிதழ்கள் வழியாகப் புகுந்திருந்தன. அந்த ஆண்டு முடிவில் ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது.

நம் ஊருக்கு இது இன்னும் கொடுமையாக வந்து சேர்ந்தது. யுஜிசியின் 2009 விதிகள் ஆய்வேடு கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட வேண்டும் என்றன. தரம் உயரட்டும் என்பது நோக்கம். எங்கே வெளியிடுவது? நல்ல இதழ்களில் வரிசை நீளம், எண்ணிக்கை குறைவு. அந்த இடைவெளியில் போலி இதழ்கள் முளைத்தன. ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் குழுமத்தின்மீது அமெரிக்க நீதிமன்றம் 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. யுஜிசி தானே அங்கீகரித்த பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்கியது.

என்னிடம் ஆய்வு செய்த மாணவி ஒருவர் ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். கட்டுரை அனுப்பினால் மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் தனியாகப் பிடிஎஃப் வடிவில், மொத்தம் இரண்டாயிரம் ரூபாய். அவருடைய தந்தை தறி நெய்பவர். "ஐயா, கட்டிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பிப் பதினான்கு மாதம் காத்திருந்தோம். பணம் கட்டியவர்கள் அவருக்கு முன்பே பட்டம் வாங்கிப் பணியிலும் சேர்ந்துவிட்டார்கள். நான் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதினான்கு மாதத்தை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்? 2022இல் யுஜிசி அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டில் போலி இதழ்களில் போய் விழுந்த உழைப்பை எந்தச் சுற்றறிக்கையும் மீட்காது.

5. திரைக்குப் பின்னால் யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது எனக்கு வியப்பு. காகித இதழை நீங்கள் படித்தீர்களா, எந்தப் பக்கத்தில் நின்றீர்கள் என்பது பதிப்பகத்துக்குத் தெரியாது. மின்தளத்துக்குத் தெரியும். எல்சிவியர் 2004இல் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தைத் தொடங்கியது. 2013இல் ஆய்வாளர்கள் கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் மெண்டலியை வாங்கியது. 2016இல் சமூக அறிவியலாளர்கள் முன்னச்சுகளைப் பகிர்ந்துவந்த எஸ்எஸ்ஆர்என்னை வாங்கியது. 2017இல் பல்கலைக்கழகங்களுக்குக் களஞ்சியம் நடத்திக் கொடுக்கும் பீபிரஸ்ஸை வாங்கியது. பதிப்பகங்களுக்கு மாற்று என்று தொடங்கியவையும் இப்படி அதே கைக்குப் போய்ச் சேர்ந்தன. எழுதும்போது, பகிரும்போது, படிக்கும்போது, மேற்கோள் காட்டும்போது என ஆய்வாளரின் ஒவ்வோர் அடியும் ஒரே நிறுவனத்தின் கணக்கில் பதிகிறது. பிறகு அந்தக் கணக்கே பல்கலைக்கழகத்துக்கு 'ஆய்வுத் திறன் அளவீடு' என்று விற்கப்படுகிறது. நம் தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப், வெளியீடுகளை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் தரவுகளைக்கொண்டு எண்ணுகிறது. ஆட்டக்காரரே நடுவராகவும் இருக்கும் ஆட்டம் இது.

தமிழில் எழுதுபவருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. தொல்காப்பிய உரைகள் பற்றி முப்பது ஆண்டு உழைத்து ஒருவர் தமிழில் எழுதும் கட்டுரை, அந்தத் தரவுத்தளங்களின் பார்வையில் எழுதப்படாத கட்டுரை. அவர் எண்ணிக்கை பூச்சியம்.

2024இல் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸின் தாய் நிறுவனமான இன்ஃபோர்மா, தன் வெளியீடுகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுப் பணிக்குத் திறந்துவிட ஒப்பந்தம் போட்டது. முதற்கட்டத் தொகையே ஒரு கோடி டாலர். எழுதியவர்கள் பலருக்குச் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. பதிப்புரிமையை முன்பே எழுதிக்கொடுத்துவிட்டவர்களிடம் யார் கேட்பார்கள்?

6. மின்வடிவம் நிலைக்குமா?

சில ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, 2000 முதல் 2019 வரை 174 திறந்த அணுக்க இதழ்கள் இணையத்திலிருந்தே மறைந்திருந்தன, எந்தக் காப்பகத்திலும் முழுதாகப் படி இல்லை. மார்ட்டின் ஈவ் 2024இல் வெளியிட்ட ஆய்வு எழுபது லட்சத்துக்கு மேற்பட்ட டிஓஐ அடையாள எண்களை எடுத்துப் பார்த்தது. 28 விழுக்காட்டுக்கு முறையான பாதுகாப்பு இருப்பதாகத் தெரியவில்லை. கட்டணம் கட்டாமல் போன ஓர் இணைய முகவரி போதும், ஓர் இதழின் பத்தாண்டு அழிய.

தமிழ் ஆய்வேடுகளின் நிலை இதைவிடச் சங்கடமானது. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு தட்டச்சகமும் ஒவ்வொரு எழுத்துருவில் அடித்தது. பாமினி, வானவில், டாம், டாப் என்று எத்தனையோ. அப்படித் தயாரான பிடிஎஃப் திரையில் அழகாகத் தெரியும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகள் வரும். தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. வருடிய படங்களாக ஏற்றப்பட்டவை இன்னும் மோசம். சோத்கங்காவில் தமிழ் ஆய்வேடு இருக்கிறது என்று காட்டலாம். அதன் இருநூறாம் பக்கத்தில் ஒரு நாட்டுப்புறப் பாடலைப் பற்றி ஒருவர் எழுதிய குறிப்பு, தேடுபவர் கண்ணில் படாது. அதைப் படிக்காத இன்னொருவர் அதே ஆய்வை மறுபடி செய்கிறார். இதுவா திறந்த அறிவு?

7. அப்படியானால் அச்சுக்கே திரும்பலாமா?

இல்லை. இந்த இடத்தில் என்னோடு கைகுலுக்க வருகிற பழைமைவாதிகளின் கையையும் நான் பற்றப்போவதில்லை. இணையத்தில் மதிப்பாய்வின்றிக் கட்டுரை வருவதால் பொய் பரவுகிறது, அச்சிதழின் காவல்தான் சிறந்தது என்பது அவர்கள் வாதம். 2020 ஜனவரி 31 அன்று தில்லி ஆய்வாளர்கள் சிலர், புதிய கொரோனா வைரஸில் எச்ஐவியின் கூறுகள் இருப்பதாக பயோ-ஆர்க்கைவில் முன்னச்சு ஒன்று வெளியிட்டார்கள். உலகெங்கும் வல்லுநர்கள் அதன்கீழேயே பிழைகளைச் சுட்டினார்கள். இரண்டு நாளில் அவர்களே திரும்பப் பெற்றார்கள். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு என்ற வேக்ஃபீல்டின் கட்டுரை, மதிப்பாய்வு செய்த 'லேன்சட்' இதழில் 1998இல் வந்தது. திரும்பப் பெற பன்னிரண்டு ஆண்டு ஆனது. எந்தக் காவல் மேல்?

ஆர்க்கைவ் ஏன் கெடாமல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுவும் மின்வடிவம்தான். ஆனால் அது ஆய்வாளர் சமூகத்தின் சொத்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் சில மில்லியன் டாலர் ஆண்டுச் செலவில் நடந்துவந்திருக்கிறது. பிரேசிலில் 1997இல் தொடங்கிய சைலோ, மெக்சிகோவின் ரெடாலிக் இரண்டும் பொதுப் பணத்தில் இதழ்களை நடத்துகின்றன. ரெடாலிக்கின் இதழ்கள் வாசகரிடமும் கேட்பதில்லை, எழுதுபவரிடமும் கேட்பதில்லை. ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனமும், மதுரைத் திட்டமும் தன்னார்வலர் உழைப்பில் நிற்கின்றன. யாரும் அவற்றை விலைக்கு வாங்கிக்கொண்டு போக முடியாது.

2023 ஏப்ரலில் 'நியூரோஇமேஜ்' இதழின் நாற்பதுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். கட்டுரைக்கு 3,450 டாலர் நியாயமில்லை, குறையுங்கள் என்றார்கள். பதிப்பகம் குறைக்கவில்லை. அவர்கள் எம்ஐடி பதிப்பகத்தோடு சேர்ந்து புதிய இதழ் தொடங்கினார்கள். அறிவு அவர்களோடு போனது, பெயர்ப்பலகை மட்டும் பதிப்பகத்திடம் நின்றது. நம் பேராசிரியர்கள் எத்தனை பேர் பெரிய பதிப்பக இதழ்களின் ஆசிரியர் குழுவில் இருப்பதைத் தன்விவரக் குறிப்பில் பெருமையாக எழுதுகிறார்கள்! அவர்களில் ஒரு பத்துப் பேர் சேர்ந்து இதைச் செய்ய என்ன தடை?

8. ஒரே சந்தா போதுமா?

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். சிறு ஊர் அரசுக் கல்லூரிக்கு இதழ்கள் கிடைப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த இரும்பு அலமாரியின் முன் நின்றவன் நான். ஆனால் முதற்கட்டத்தில் சுயநிதிக் கல்லூரிகள் இல்லை. தமிழ்நாட்டில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எந்த நிறுவனத்தையும் சாராத ஆய்வாளர், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்றவர் ஆகியோரும் வெளியேதான். 2027 டிசம்பரில் காலம் முடியும்போது முப்பது பதிப்பகங்களும் புதிய விலையோடு வரும். நாடு முழுவதும் பழகிவிட்ட பிறகு வேண்டாம் என்று சொல்லும் துணிவு எந்த அரசுக்கு இருக்கும்?

அந்த 6,000 கோடியில் பத்தில் ஒரு பங்கு, 600 கோடியை, நம் அறிவியல் கழகங்களும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் இதழ்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். மெய்ப்பு பார்ப்பவருக்கு ஊதியம், மதிப்பாய்வாளருக்குச் சிறு மதிப்பூதியம், தளம் நடத்த நிலையான ஆட்கள், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளிவரும் இதழ்களுக்கு டிஓஐ, பழைய எழுத்துரு ஆய்வேடுகளை ஒருங்குறிக்கு மாற்றும் வேலை. பணி உயர்வுக் குழுவில் கட்டுரையை எண்ணுவதற்குப் பதில் படிப்பது, அதற்குப் பணம்கூட வேண்டாம்.

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு நம் மண்ணிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 1907இல் வி. ராமசாமி ஐயர் என்ற துணை ஆட்சியர், கணிதத்தில் ஆர்வமுள்ள இருபது பேரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். ஆளுக்கு 25 ரூபாய் ஆண்டுச் சந்தா. அந்தப் பணத்தில் ஐரோப்பிய இதழ்களை வரவழைத்து உறுப்பினர்களுக்குத் தபாலில் சுற்றுக்கு விட்டார்கள். அன்றைய 'ஒரே சந்தா' அதுதான். அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1909இல் சென்னையிலிருந்து சொந்தமாக ஓர் இதழ் தொடங்கினார்கள். மறு ஆண்டு ராமசாமி ஐயரைத் தேடித் திருக்கோவிலூருக்கு வேலை கேட்டு ஓர் இளைஞர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். 1911இல் அந்த இதழில் பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் கட்டுரை அச்சானது. எழுதியவர் பெயர் ராமானுஜன். கட்டணம் எதுவும் அவர் கட்டவில்லை.